அவசரம் என்று யார் சொல்வது?

2003ஆம் வருடம் ஏப்ரல் 1ஆம் தேதி ஸ்டீவன் பெல்லோவின் என்ற கணினிப் பாதுகாப்பு நிபுணர் ஓர் ஆவணம் வெளியிட்டார். ஆர்எஃப்சி 3514. இணையத்தின் விதிமுறைகள் எல்லாம் எந்த வரிசையில் எண் போட்டு வருகின்றனவோ அதே வரிசை, அதே வறட்டு நடை. உள்ளே இருந்த யோசனை இதுதான்: ஐபி பாக்கெட்டின் தலைப்பகுதியில் ஒரு பிட் பயன்படாமல் சும்மா கிடக்கிறது. கெட்ட எண்ணத்தோடு பாக்கெட் அனுப்புகிறவர்கள் அதை 1 என்று வைத்து அனுப்ப வேண்டும். நல்லவர்கள் 0 வைக்க வேண்டும். ஃபயர்வாலுக்கு வேலை சுலபம், 1 வந்தால் தூக்கிப் போட்டுவிடலாம்!

தேதியைப் பார்த்தாலே விஷயம் புரிந்திருக்கும். நெட்வொர்க் படித்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற ஜோக் இது. திருடனிடமே 'நீ திருடனா?' என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிற காவல்காரன் கதை.

சிரித்து முடித்த கையோடு இதே ஆட்கள் என்ன செய்கிறார்கள்? ஒரு சர்வீஸ் எழுதுகிறார்கள். அதற்கு நாலா பக்கமிருந்தும் கிளையன்ட் நிரல்கள் இணைந்து கோரிக்கைகளை அனுப்பும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க முடியாது, எனவே வரிசை வேண்டும். எல்லாம் ஒரே அளவு முக்கியமில்லை, எனவே வரிசையில் முன்னுரிமை வேண்டும். இதுவரை சரி. அடுத்து, கோரிக்கையில் 'முன்னுரிமை' என்று ஒரு கட்டம் வைத்து, 0 முதல் 9 வரை ஏதாவது ஒரு எண் போட்டுக்கொள்ளுங்கள் என்று அதை கிளையன்ட் எழுதுகிறவரிடமே விட்டுவிடுகிறார்கள். 'நீ கெட்டவனா?' என்று பாக்கெட்டையே கேட்பது ஜோக் என்றால், 'நீ முக்கியமானவனா?' என்று அதே பாக்கெட்டைக் கேட்பது மட்டும் எப்படி இன்ஜினியரிங் ஆகும்?

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. மாதாந்திர ரிப்போர்ட் எடுக்கும் நிரலை எழுதியவருக்கு அந்த ரிப்போர்ட்தான் உலகம். பேக்கப் நிரலை எழுதியவருக்கு பேக்கப். இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் விசேஷம். 'ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?' என்று ஒருநாள் மேலதிகாரி கேட்டிருப்பார். 5 என்று இருந்ததை 9 ஆக்கியிருப்பார்கள். வேகம் வந்திருக்கும். அந்த எண்ணைத் திரும்பக் குறைக்க ஒருவருக்கும் ஒரு காரணமும் கிடையாது. இப்படி ஒவ்வொருவராக மேலே ஏறிக்கொண்டே போனால், கடைசியில் எல்லாமே 9 ஆகிவிட்ட வரிசை மிஞ்சும். அது முன்னுரிமையே இல்லாத பழைய வரிசைதான். ஒரே வித்தியாசம், நேர்மையாக 3 போட்ட அப்பாவி மட்டும் எல்லோருக்கும் பின்னால் நிற்பார்.

இதற்கு இணையத்திலேயே நாற்பது வருடத்துச் சாட்சி இருக்கிறது. 1981 செப்டம்பரில் வந்த ஆர்எஃப்சி 791தான் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் ஐபி நான்காம் பதிப்பின் மூல ஆவணம். அது ஒவ்வொரு பாக்கெட்டிலும் முன்னுரிமைக்கென்று 3 பிட் ஒதுக்கியது. எட்டுப் படிகள். அடியில் ரொட்டீன், அதற்கு மேல் ப்ரையாரிட்டி, இம்மீடியட், ஃப்ளாஷ், ஃப்ளாஷ் ஓவர்ரைட் என்று ஏறிக்கொண்டே போகும். பெயரைக் கேட்டாலே தெரியும், அமெரிக்க ராணுவத்தின் செய்தி அனுப்பும் மரபிலிருந்து வந்தவை.

அந்த ராணுவத்துக்கு 1960களிலிருந்து ஆட்டோவான் என்று ஒரு தொலைபேசி வலை இருந்தது. அதன் போன்களில் வழக்கமான 12 பட்டன்களுக்குப் பக்கத்தில் இன்னொரு நான்கு பட்டன்கள் இருக்கும். உயர்ந்த தரத்துக்கான பட்டனை அழுத்திவிட்டு எண்ணைச் சுழற்றினால், லைன் காலியில்லாவிட்டாலும் பரவாயில்லை, கீழ்த்தரத்தில் பேசிக்கொண்டிருக்கும் யாரோ இருவரின் பேச்சை அறுத்துவிட்டு இணைப்பு கிடைக்கும்! ஆனால் எல்லா போனுக்கும் எல்லாத் தரமும் கிடையாது. இந்த லைனுக்கு உச்சவரம்பு இதுவரைதான் என்று எக்ஸ்சேஞ்சில் முன்பே பதிந்து வைத்திருப்பார்கள். பட்டன் அழைப்பவர் கையில், அனுமதி எக்ஸ்சேஞ்ச் கையில்.

இணையம் பட்டனை எடுத்துக்கொண்டு எக்ஸ்சேஞ்சை விட்டுவிட்டது. இத்தனைக்கும் ஆர்எஃப்சி 791 எழுதியவர்களுக்கு விவரம் தெரியும். இந்தப் படிகளை யார் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்துவது அந்தந்த நெட்வொர்க்கின் பொறுப்பு என்று அதிலேயே இருக்கிறது. பொறுப்பை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. அப்புறம் என்ன நடந்தது? விண்டோஸ் 2000 வந்தபோது சாதாரண நிரல்கள் அந்த பிட்களைத் தொட முடியாதபடி மைக்ரோசாஃப்ட் பூட்டிவிட்டது. லினக்ஸில் ஒரு சாக்கெட்டுக்கு 6க்கு மேல் முன்னுரிமை வைக்க நிர்வாகி அதிகாரம் வேண்டும். 1998இல் ஆர்எஃப்சி 2474 அந்த இடத்தைத் திருத்தி 6 பிட் ஆக்கி, 64 வகை அடையாளம் தந்தது. ஆனாலும் ஒரு நிறுவனத்தின் வலையைத் தாண்டி இன்னொன்றுக்குள் நுழையும் இடத்தில் பல நெட்வொர்க்குகள் அதை அழித்து 0 ஆக்கிவிட்டுத்தான் உள்ளே விடுகின்றன. முன்பின் தெரியாதவன் சொல்லும் 'அர்ஜென்ட்' என்ற வார்த்தைக்கு அவர்கள் கொடுக்கும் மரியாதை அவ்வளவுதான். அது தப்பும் இல்லை.

சரி, முன்னுரிமைக் கட்டத்தையே எடுத்துவிட்டால் கிளையன்ட்கள் அடங்கிவிடுமா? அடங்காது. 1999இல் வந்த எச்டிடிபி 1.1 விதி, ஒரு கிளையன்ட் ஒரு சர்வரோடு இரண்டு இணைப்புக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பக்குவமாகச் சொன்னது. பிரவுசர்கள் ஆறு வைத்துக்கொண்டன. டயல்-அப் காலத்தில் ஃப்ளாஷ்கெட் போட்டுப் பாட்டு இறக்கியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒரே ஃபைலை துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு இணைப்பு. சர்வர் இணைப்புக்கு இணைப்பு சமமாகப் பங்கு வைத்தால், பத்து இணைப்பு போட்டவனுக்குப் பத்துப் பங்கு. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு மூன்று சீட் பிடிக்கிற வேலைதான்.

இதையெல்லாம் பார்த்துத் திருந்திய ஓர் இடம் உண்டு. குபர்நெட்டீஸ். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களைச் சேர்த்து ஒரு கூட்டமாக ஓட்டுகிற மென்பொருள் அது. அதன் நடுவில் ஏபிஐ சர்வர் என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். எல்லோரும் பேசுவது அதோடுதான். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஓடும் ஏஜென்ட், உள் நிர்வாக நிரல்கள், வெளியிலிருந்து யார் யாரோ எழுதி மாட்டிய நிரல்கள், விசைப்பலகை முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள், எல்லோருக்கும் ஒரே வாசல்.

முதலில் அந்த வாசலில் இருந்தது வெறும் தலை எண்ணிக்கை. படிக்கும் கோரிக்கை ஒரே சமயத்தில் 400, மாற்றம் செய்யும் கோரிக்கை 200, அதற்கு மேல் வந்தால் யாராக இருந்தாலும் '429, அப்புறம் வா'. இதில் என்ன ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் பத்து வினாடிக்கு ஒருமுறை 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று இதே சர்வரிடம் வந்து பதிய வேண்டும். சுமார் 40 வினாடி (அண்மைய பதிப்புகளில் 50) தகவல் வராவிட்டால் அந்த கம்ப்யூட்டர் செத்துவிட்டதாகக் கணக்கு. மேலும் ஐந்து நிமிடம் அப்படியே போனால் அதில் ஓடும் வேலைகளை வேறு இடத்துக்கு மாற்ற உத்தரவு போகும். இப்போது யாரோ ஒருவர் அரைகுறையாக எழுதிய நிரல் ஒன்று, கூட்டத்தில் உள்ள அத்தனை பொருட்களின் பட்டியலையும் மறுபடி மறுபடி கேட்கிறது. வாசல் நிரம்புகிறது. உயிர்த்துடிப்புச் செய்தி வெளியே நிற்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்கள் செத்ததாக அறிவிக்கப்படுகின்றன. வேலைகளை இடம் மாற்றும் கோரிக்கைகள் வேறு அதே வாசலுக்கு வந்து சேர்கின்றன. ஒரு கத்துக்குட்டி நிரலால் கூட்டம் மொத்தமும் படுத்துவிடும்.

இதற்கு முதலில் செய்த வைத்தியம் கிளையன்ட்டிடம் தன்னடக்கம் கேட்பது. கோ மொழியில் எழுதப்பட்ட கிளையன்ட் நூலகத்தில், வினாடிக்கு 5 கோரிக்கை, அவசரத்துக்கு ஒரே மூச்சில் 10 என்று ஒரு வரம்பு தானாகவே இருக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதை மாற்றும் திருகு யார் கையில் இருக்கிறது? கிளையன்ட் எழுதுபவர் கையில். 5ஐ 500 ஆக்க ஒரு வரி போதும். மறுபடி காக்கை, மறுபடி பொன் குஞ்சு.

2020 மார்ச்சில் வந்த 1.18 பதிப்பில் சோதனையாக வேறு ஒரு முறை நுழைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் 1.20 பதிப்பில் பீட்டா ஆனது, 2023 டிசம்பரில் 1.29 பதிப்பில் நிலைபெற்றது. இதில் கோரிக்கைக்குள் முன்னுரிமைக் கட்டமே கிடையாது. யார் இணைந்திருக்கிறார், எந்தப் பொருளைக் கேட்கிறார், அதை என்ன செய்யப் பார்க்கிறார் என்பதை சர்வர் பார்க்கிறது. இணையும்போது காட்டிய அடையாளம் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டது, அதில் புளுக முடியாது. நிர்வாகி எழுதி வைத்த விதிகளோடு ஒப்பிட்டு இன்ன தட்டு என்று சர்வரே முடிவு செய்கிறது. உயிர்த்துடிப்புக்கு ஒரு தட்டு, தலைமை நிரலைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்கு ஒரு தட்டு, வெளியார் நிரல்களுக்கு ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனி இடஒதுக்கீடு. பட்டியல் கேட்டு உயிரை வாங்கும் நிரல் தன் தட்டுக்குள்ளேயே முட்டிக்கொள்ளட்டும், உயிர்த்துடிப்பு தன் வழியே போகட்டும்.

ஒரே தட்டுக்குள் இருப்பவர்களுக்கு இடையிலும் நியாயம் உண்டு, இது அழகான ஏற்பாடு. வெளியார் தட்டில் 128 சிறு வரிசைகள் இருக்கும். ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் சீட்டுக்கட்டு பிரிப்பது போல அவற்றில் 6 கிடைக்கும். வரும் கோரிக்கை அந்த ஆறில் நீளம் குறைந்த வரிசையில் போய் நிற்கும். யானை ஒன்று வந்து தன் ஆறு வரிசைகளையும் அடைத்துக்கொண்டாலும், எலிக்குக் கிடைத்த ஆறும் அதே ஆறாக இருப்பது மிக மிக அரிது. எலிக்கு எங்கேயாவது ஒரு வரிசை காலியாக இருக்கும்.

இதிலும் குறுக்கு வழி கண்டுபிடிக்கும் புத்திசாலிகள் இல்லாமலா? எந்தக் கட்டுப்பாடும் இல்லாத தட்டு ஒன்றும் இருக்கிறது. எல்லாம் நெரிசலில் நின்றுபோனாலும் நிர்வாகி உள்ளே வந்து சரிசெய்ய ஓர் அவசர வழி. தலைமை நிர்வாகிகள் குழுவில் இருப்பவர்களுக்கு மட்டும். 'அனுமதி பிரச்சினை வராது, சுலபம்' என்று அந்த நிர்வாகி சான்றிதழை எடுத்துத் தங்கள் சாதாரண நிரலுக்குள் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. ஆம்புலன்ஸ் சைரனைக் கழற்றி பால் வண்டியில் மாட்டுகிற வேலை இது. பாதுகாப்புக் குறைபாடு என்று மட்டும்தான் இதைத் திட்டுகிறார்கள். வரிசையில் நிற்கும் மற்ற அத்தனை பேருக்கும் இழைக்கும் அநியாயம் என்று திட்டுவோர் குறைவு. பத்து நிரல்களை ஒரே பொது அடையாளத்தில் இணைப்பதும் இதே குடும்பத்துச் சோம்பேறித்தனம்தான். பத்தும் ஒரே ஆள் என்றால், அவற்றுக்குள் எது யானை எது எலி என்று சர்வருக்கு எப்படித் தெரியும்?

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்புதான். 'தன் வேலையில் எது அவசரம் என்று கிளையன்ட்டுக்குத்தானே தெரியும்? சர்வருக்கு என்ன தெரியும்?' பிரவுசர் விஷயத்தில் இது முழு உண்மை. ஒரு பக்கத்தைக் காட்ட ஸ்டைல் ஃபைல் முதலில் வேண்டுமா, அடியில் இருக்கும் படம் முதலில் வேண்டுமா என்பது பிரவுசருக்குத்தான் தெரியும். 2015இல் வந்த எச்டிடிபி 2 இதற்காக ஒரு பெரிய ஏற்பாடே செய்தது. எந்தக் கோரிக்கை எதைச் சார்ந்தது என்று ஒரு மரம், கிளைகளுக்கு 1 முதல் 256 வரை எடை. பிரமாதமான கணிதம்! ஃபயர்பாக்ஸ் ஒரு மாதிரி மரம் கட்டியது, குரோம் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி கோத்தது, சஃபாரி எடையை மட்டும் வைத்துக்கொண்டது, பழைய எட்ஜ் ஒன்றுமே செய்யவில்லை. சர்வர் பக்கமும் பலர் இதைச் சரியாகச் செய்யவில்லை. 2022 ஜூனில் அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். பதிலுக்கு வந்த ஆர்எஃப்சி 9218, 0 முதல் 7 வரை ஒரே ஓர் அவசர எண், துண்டு துண்டாக வந்தால் பயன்படுமா என்று ஓர் ஆம்-இல்லை, இரண்டோடு முடித்துக்கொண்டது.

ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று. பிரவுசர் அங்கே வரிசைப்படுத்துவது தன் சொந்தக் கோரிக்கைகளை. தன் தட்டில் எதை முதலில் சாப்பிடுவது என்பது அவரவர் இஷ்டம், அதில் பொய் சொன்னால் நஷ்டம் அவருக்கே. அடுத்தவர் தட்டில் கை வைக்கும் அதிகாரம் அதிலிருந்து கிடைத்துவிடாது. நடுவில் ஒரு ப்ராக்ஸி பல பேரின் கோரிக்கைகளை ஒரே இணைப்பில் சேர்த்து அனுப்பினால் என்ன ஆகும் என்ற சிக்கலை ஆர்எஃப்சி 9218 'நியாயம்' என்று தனித் தலைப்பு போட்டே பேசுகிறது. அவசர எண்ணை சர்வர் தன் பதிலில் மாற்றிச் சொல்லவும் இடம் வைத்திருக்கிறது. ஒரே கிளையன்ட்டின் கோரிக்கைகளுக்குள் கிளையன்ட் சொல்லட்டும். கிளையன்ட்களுக்கு இடையில் சர்வர் சொல்லட்டும். இந்தக் கோட்டை அழித்துவிட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே எண் கட்டம் வைப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் ஆரம்பம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. 'சர்வர் திணறுகிறதா? முன்னுரிமை வரிசை போடு, சரியாகிவிடும்' என்று சொல்கிற கூட்டம். இவர்கள் லெனார்ட் க்ளைன்ராக் 1965இல் எழுதிய பாதுகாப்பு விதியைப் படிக்க வேண்டும். இன்டர்நெட்டின் முன்னோடிகளில் ஒருவர் என்று பாடப்புத்தகத்தில் வருவாரே, அவர்தான். வேலையை வீணாக்காத வரிசை எதுவானாலும், ஒருவர் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் அது இன்னொருவர் தலையில் ஏறும், சுமையோடு பெருக்கிக் கூட்டினால் மொத்தம் மாறாது என்பது அதன் சாரம். வினாடிக்கு 100 கோரிக்கை கவனிக்கும் சர்வருக்கு 120 வந்தால், வினாடிக்கு 20 தேங்கும். பத்து நிமிடத்தில் 12,000. முன்னுரிமை வைத்தால் அந்த 12,000 பேர் யார் என்பது மாறும், எண்ணிக்கை மாறாது. அதில் முக்கால்வாசிப் பேர் டைம்அவுட் ஆகிப் போயே போய்விட்டிருப்பார்கள். சர்வரோ, கேட்டவர் போனது தெரியாமல் இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருக்கும்.

ஆகவே 'முடியாது' என்று உடனே, தெளிவாகச் சொல்லும் சர்வர்தான் நல்ல சர்வர். அந்த 'முடியாது' காதில் விழும் கிளையன்ட்தான் நல்ல கிளையன்ட். 429 வந்தால், எத்தனை வினாடி கழித்து வரச் சொல்லியிருக்கிறது என்று பார்த்து அவ்வளவு நேரம் பொறுத்திருப்பது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமில்லை. உடனே திரும்பக் கதவைத் தட்டுபவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். மூன்று அடுக்காகச் சர்வீஸ்கள், ஒவ்வொரு அடுக்கிலும் மூன்று முறை முயற்சி. மேலே ஒரே ஒரு பயனர் ஒரே ஒரு முறை பட்டனை அழுத்தினால், அடியில் தவித்துக்கொண்டிருக்கும் சர்வருக்குப் போவது 27 கோரிக்கைகள்.

இதில் வேடிக்கை, முன்னுரிமை வேண்டும் என்று சத்தம் போடும் கிளையன்ட்கள் பலவற்றில் அது வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே செத்துவிடுகிறது. அவசரக் கோரிக்கையும் ராட்சத பேக்கப்பும் ஒரே டிசிபி இணைப்பில் போனால், பேக்கப்பின் பைட்டுகள் முன்னால் போய் முடியும்வரை அவசரம் பின்னால் நிற்கும். சர்வரில் எத்தனை தட்டு இருந்து என்ன பிரயோஜனம்? எதிர்ப்பக்கமும் இதே கதை. ரேபிட்எம்க்யூவில் முன்னுரிமை வரிசை வைத்துவிட்டு, வேலை வாங்கிக்கொள்ளும் நிரல் ஒரே நேரத்தில் எத்தனை செய்திகளை அள்ளலாம் என்பதற்கு வரம்பு வைக்காமல் விடுவார்கள். அது வரிசையில் இருக்கும் அத்தனையையும் ஒரே வாரலில் தன்னிடம் வாரிக்கொள்ளும். அதன்பின் எவ்வளவு அவசரமான செய்தி வந்தாலும், முன்பே அள்ளிக்கொண்டு போனவற்றுக்குப் பின்னால்தான். அப்புறம் 'முன்னுரிமை வேலை செய்யவில்லை' என்று புலம்பல்.

அவசர வேலைக்கும் சாவகாச வேலைக்கும் தனித்தனி அடையாளம், தனித்தனி இணைப்பு, ஒவ்வொரு கோரிக்கையோடும் 'இத்தனை மணிக்கு மேல் பதில் வேண்டாம்' என்ற கெடு. கிளையன்ட் எழுதுகிறவர் செய்ய வேண்டிய வேலை இதிலேயே ஏராளமாக இருக்கிறது. எந்தத் தட்டு என்று தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. குபர்நெட்டீஸின் ஏபிஐ சர்வர், தான் அனுப்பும் ஒவ்வொரு பதிலின் தலைப்பகுதியிலும் இரண்டு வரிகளைச் சேர்த்து அனுப்புகிறது. ஒன்று, எந்த விதியின்படி இந்தக் கோரிக்கை வகைப்படுத்தப்பட்டது. இன்னொன்று, எந்தத் தட்டில் வைக்கப்பட்டது.